தொட்டி வாங்குவதற்கு முன்னால்

மயூர் விஹார், தில்லி
தீபாவளி முடிந்து எட்டாம் நாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். குட்டிப் பயலின் பிறந்த நாளுக்கு மீன் தொட்டி வாங்கப் போவதாகச் சொல்லி, அதில் கௌராமி விடலாமா என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய். "தாராளமா விடு" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது, வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனபோது விட்டுப்போன பேர்ல் கௌராமி ஜோடி வயதாகிச் செத்துவிட்டது என்று சொன்னேன் அல்லவா? வயதாகிச் சாகவில்லை. நான்தான் சாகடித்தேன்.

அந்த வருஷம் செப்டம்பரில் நம் பிளாக்கில் நாலு பேருக்கு டெங்கு. பயந்துபோய் ராத்திரி ஹால் முழுக்கக் கொசு மருந்து அடித்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். தொட்டியின் கண்ணாடி மூடி பாதி திறந்திருந்ததைக் கவனிக்கவில்லை. ஏர் பம்பும் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் காபி டம்ளரோடு வந்து பார்த்தால் இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கின்றன. அம்மாவிடம்கூட இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். அவள் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிறகு உட்கார்ந்து படித்தேன். கொசு மருந்துகளில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து, நமக்குப் பெரிதாகத் தெரியாத அளவிலேயே மீனுக்கு விஷம். ஏர் பம்பு என்ன செய்கிறது? அறையில் இருக்கும் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. காற்றில் மருந்து இருந்தால் அதையும் சேர்த்து விடும். போதாக்குறைக்குக் கௌராமி மேலே வந்து வாயாலேயே காற்றை விழுங்கும் மீன். இரண்டு வழியிலும் மாட்டிக்கொண்டது. கொசுச்சுருள், சுவரில் செருகும் திரவம், ரூம் ஸ்பிரே, பெயின்ட் எதுவானாலும் தொட்டி இருக்கிற அறையில் வேண்டாம். குட்டிக்குக் கொசு கடித்தால் வலை கட்டு.

அந்தக் காற்று விழுங்கும் சமாசாரம் உனக்குப் புதிதில்லை. பொறையாறில் தாத்தா வீட்டுக் குளத்தில் பனையேறிக் கெண்டை பிடிப்போமே, பானையில் ஈரத்துணி போட்டு வைத்தால்கூட மறுநாள் வரை துள்ளிக்கொண்டிருக்குமே, அதற்குச் சொந்தக்காரக் கூட்டம்தான் கௌராமியும். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஒரு உறுப்பு இருக்கிறது. வாயால் பிடித்த காற்றிலிருந்து ஆக்சிஜனை அது எடுத்துக்கொள்ளும். அடிக்கடி மேலே வந்து ஒரு மிடறு காற்று வாங்காவிட்டால் கௌராமிக்கு மூச்சு முட்டும். தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்தபோது தால்டோர்ஃப் என்ற அதிகாரி, பனைமரத்தில் ஏறிய இந்தக் கெண்டையைப் பிடித்ததாக எழுதினார். 1797இல் லண்டனில் அது அச்சிலும் வந்தது. நம் குளத்திலிருந்து நாலு எட்டில் நடந்த கதை, நான் தில்லிக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மழை நாளில் கெண்டை வரப்பில் நகர்ந்து போவதை நானே பார்த்திருக்கிறேன். பனை ஏறியதை மட்டும் பார்த்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காற்று வாங்கும் மீன் என்பதால் தண்ணீருக்கு மேலே இருக்கும் காற்றும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். தண்ணீர் விளிம்பு வரை நிரம்பக் கூடாது, இரண்டு அங்குலம் விட்டு மூடி போட வேண்டும். இங்கே ஜனவரியில் ராத்திரி வெளியே ஐந்து டிகிரிக்கு இறங்கும், வீட்டுக்குள்ளும் பதினாலு பதினைந்துதான். இரண்டு அடித் தொட்டிக்கு 100 வாட் ஹீட்டர் போட்டு, அதற்கு மேல் பழைய ரஜாயையும், அதான் பஞ்சுப் போர்வை, சுற்றி வைக்கிறேன். "ஸ்வெட்டர் ஒண்ணு பின்னிப் போட்டுடட்டுமா?" என்கிறாள் அம்மா. உனக்கு அந்தப் பாடு இல்லை. டிசம்பர், ஜனவரிக்கு ஒரு 50 வாட் ஹீட்டர் இருந்தால் போதும். ஹீட்டர் முள் 25, 26 டிகிரியில் நிற்கட்டும்.

தண்ணீரிலும் நீ கொடுத்து வைத்தவள். சிறுவாணித் தண்ணீர் உப்பு குறைந்த மென்மையான தண்ணீர், கௌராமிக்கு அதுதான் பிடிக்கும். இங்கே குளிர்காலத்தில் யமுனையில் அமோனியா ஏறியதால் குடிநீர் குறைப்பு என்று வருஷா வருஷம் செய்தி வரும். முன்பெல்லாம் அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். தொட்டி வைத்த பிறகுதான் அந்த வார்த்தை உறைத்தது. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகினால் வருவதும் அதே அமோனியாதான், மீனுக்கு அது விஷம். தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஸ்பான்ஜ் ஃபில்டரில் குடியேறும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதையும் அவ்வளவு கெடுதலில்லாத நைட்ரேட்டாக்கும். இந்தக் குடித்தனம் முழுசாக அமைய நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதனால் பிறந்த நாளுக்குத் தொட்டி, தண்ணீர், ஃபில்டர், செடி மட்டும் போதும். மீன் அடுத்த மாதம். குட்டி அழுவான், அழட்டும். அன்றே மீன் விட்டால் ஒரு வாரத்தில் வேறு காரணத்துக்கு அழுவான்.

கடைக்காரர் கண்ணாடிக் கிண்ணத்தைக் காட்டி இதிலேயே வளரும் என்பார். கேட்காதே. வாரத்துக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்று, மாற்றும் தண்ணீரை முதல் நாளே பக்கெட்டில் பிடித்து வைத்துவிடு, குளோரின் போகட்டும். ஸ்பான்ஜைக் குழாய்த் தண்ணீரில் அலசாதே, பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்துவிடு. என்னைப் போலச் சுத்தக்காரனுக்கு இதைப் பழகத்தான் நாளாயிற்று.

எந்த மீன் என்று கேட்டாயே. சிவப்பும் நீலமும் கோடு கோடாக மின்னும் ட்வார்ஃப் கௌராமிதான் முதலில் கண்ணில் படும். கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்துச் சொந்த மீன். மாடியில் இருக்கும் வங்காளத்துக்காரர் நம் தொட்டியைப் பார்த்துவிட்டு, "இது எங்கள் ஊர் கொல்ஷே அல்லவா, பொரித்துச் சாப்பிடுவோம்" என்றார். அன்று முழுக்க அம்மா அவரைத் தொட்டிப் பக்கம் விடவில்லை. ஆனால் கடைக்கு வரும் பண்ணை ட்வார்ஃப்களில் நிறைய மீன்களுக்கு ஒரு வைரஸ் இருக்கிறது. நிறம் மங்கி, உடம்பில் புண் வந்து செத்துப்போகும், மருந்து கிடையாது. இரண்டு ஆண்கள் ஒரே தொட்டியில் இருந்தால் சண்டை வேறு. பேர்ல் அழகுதான், சாதுவும்கூட, ஆனால் அதற்கு மூன்றடித் தொட்டி வேண்டும். ஹனி கௌராமி வாங்கு. இரண்டு அங்குலம்தான் வளரும், யாரையும் உபத்திரவிக்காது. ஒரு ஆண், இரண்டு பெண் போதும். கடையில் பார்த்தால் வெளிறிப்போய் இருக்கும். அதைப் பார்த்து ஏமாறாதே, வீட்டுக்கு வந்து பத்து நாளில் தேன் நிறம் ஏறும். வயிற்றுப் பக்கம் நூல் மாதிரி இரண்டு துடுப்பு தொங்கும். அதை நீட்டி நீட்டி எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும். குட்டி கண்ணாடியில் விரல் வைத்தால் அங்கேயும் வந்து தடவும். நீ சின்ன வயதில் அதைத்தான் "ஹலோ சொல்லுது" என்பாய்.

எங்கள் வீட்டில் இப்போது ஹனிதான் இருக்கிறது. போன வாரம் ஆணுக்குத் தாடையிலிருந்து வயிறு வரை கருநீலம் ஏறியது. அப்புறம் பாசி ஓரமாக நுரை ஊதி ஊதிக் கூடு கட்டினான். அலையடித்தால் நுரை கலையும் என்று பம்பைக் குறைத்து வைத்தேன். செவ்வாய்க்கிழமை முட்டை. ஒன்றரை நாளில் பொரிந்து, கமா போடுகிற மாதிரி குட்டிகள் நுரைக்கு அடியில் தொங்குகின்றன. கீழே விழுவதை வாயால் கவ்வி மறுபடி கூட்டில் கொண்டுபோய்த் துப்புகிறான். பெண் பக்கத்தில் வந்தால் விரட்டுகிறான். "பெத்தவளையே கிட்ட விட மாட்டேங்கிறானே" என்று அம்மாவுக்குக் கோபம். பெண்ணை எடுத்துப் பழைய சின்னத் தொட்டியில் விட்டுச் சமையலறையில் வைத்திருக்கிறேன், வீட்டில் அங்கேதான் கொஞ்சம் சூடு.

வெளியே ஒரே புகை. ஜன்னல் திறந்து எட்டு நாள் ஆகிறது. அம்மாவுக்கு இன்ஹேலர், எனக்கு மாஸ்க், மேலே வந்து காற்று வாங்குகிற இதுகளுக்கு ஒன்றுமில்லை. அதனால் காற்று சுத்திகரிக்கும் மெஷினைப் படுக்கையறையிலிருந்து ஹாலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நாங்களும் ஹாலிலேயே பாய் விரித்துப் படுக்கிறோம். மாப்பிள்ளையிடம் சொல்லாதே, சிரிப்பார்.

ஒரு உதவி செய். ஊரிலிருந்து கொண்டுவந்த நாட்டு வாதாம் சருகு தீர்ந்துவிட்டது. ஒன்று போட்டால் தண்ணீர் டீத்தூள் நிறத்துக்கு மாறும், மீன் தெளிவாக இருக்கும். உங்கள் பக்கம் மரம் பார்த்தால், தானாக விழுந்து காய்ந்த இலையாகப் பத்துப் பதினைந்து பொறுக்கிக் கூரியரில் அனுப்பு. மருந்து அடித்த மரமாக இருக்கக் கூடாது.

அம்மா மிளகாய் தாளிக்கப் போகிறாளாம், சின்னத் தொட்டியைத் துணி போட்டு மூடக் கூப்பிடுகிறாள்.

அன்புடன்,
அப்பா