ஆண்டறிக்கை: கடன் இருக்கிறது, பட்டா எங்கே?

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். போன ஆண்டு அறிக்கையில் வெள்ளையடித்த கூலி முதல் டீச்செலவு வரை எழுதினேன், ஒருவரும் படிக்கவில்லை. சரி, இந்த முறை வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் கடன் விஷயத்தை மட்டும் சொல்கிறேன், வருடம் முழுக்க என் வீட்டுத் திண்ணைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அதற்காகத்தான் வந்தார்கள்.

கிசான் கிரெடிட் கார்டு, அதாவது விவசாயிகளுக்கு வங்கி தரும் பயிர்க்கடன் அட்டை, 1998-ல் வந்த திட்டம். இன்னமும் நம்மில் பலர் நகையை அடகு வைத்துத்தான் நாற்று விடுகிறோம். கார்டில் 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி, கெடு தேதிக்குள் கட்டினால் 3 சதவீதம் சலுகை போக 4 சதவீதம்தான். எல்லோரும் அந்த 4-ஐ நினைவில் வைத்துக்கொள்கிறார்கள், தேதியை மறந்துவிடுகிறார்கள். கூட்டுறவுப் பயிர்க்கடனும் அப்படித்தான், கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை, தவறினால் உண்டு. நெல் விற்ற பணம் வர இரண்டு நாள் தள்ளிப்போனதில் நம் உறுப்பினர் ஒருவருக்குச் சலுகை போயே போய்விட்டது, பாவம், அவர் மேல் தப்பே இல்லை.

ஈடு இல்லாத விவசாயக் கடன் வரம்பு 1.6 லட்சமாக இருந்ததை 2025 ஜனவரி 1 முதல் ரிசர்வ் வங்கி 2 லட்சமாக்கியது. ஒரு கிளையில் அப்படி எதுவும் இல்லை என்றார்கள், சுற்றறிக்கையை ஜெராக்ஸ் எடுத்து மேஜையில் வைத்த பிறகு உட்காரச் சொன்னார்கள். குத்தகைக்கு உழுபவர்கள் 4 முதல் 10 பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழுவாக, ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பேற்று, கேட்கலாம், இதுவரை யாரும் முன்வரவில்லை.

செக்கு, மாவு மில் போட ஆசைப்படும் இளைஞர்களுக்கு ஒன்று. குறு உணவுத் தொழில் திட்டத்தில் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் மானியம் உண்டு. ஆனால் அது கையில் வராது, வங்கியில் தனிக் கணக்கில் கிடந்து, மூன்று வருடம் கடன் ஒழுங்காக நடந்தால்தான் கடனில் கழியும். கைப்பணம் 10 சதவீதமாவது போட வேண்டும். கிடங்கு கட்ட வேண்டுமானால் 2020-ல் தொடங்கிய வேளாண் உள்கட்டமைப்பு நிதி, 2 கோடி வரை 3 சதவீத வட்டிச் சலுகை, 7 வருடத்துக்கு. நமக்கு அது கொஞ்சம் தூரம்தான்.

இதெல்லாம் இருந்தும் நம் மனுக்கள் பெரும்பாலும் திரும்பியதற்குக் காரணம் வங்கி இல்லை, பட்டா. தாத்தா பெயரில் கூட்டுப்பட்டா, அதில் ஏழு வாரிசு, அதில் இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை இல்லை, அப்புறம் சிட்டாவையும் அடங்கலையும் வைத்துக்கொண்டு என்ன செய்ய? சமாதானம் பேசப் போன இடத்தில் எனக்கும் திட்டு விழுந்தது. பட்டா மாற்ற வேண்டியவர்கள் வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்றோடு ஞாயிறு காலை வாருங்கள். ஜெராக்ஸ் செலவு சங்கத்துடையது, டீச்செலவு உங்களுடையது.

– செயலாளர்