தொண்ணூறு ஆடுகளை ஏற்றவர் பெயர்

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் திருப்பணிக் குழுவினருக்கு,

வணக்கம். கும்பாபிஷேக வேலைகள் எதுவரை வந்திருக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்லைச் சுத்தம் செய்யவென்று கருவறைத் தெற்குச் சுவரில் ஓடிய மணல் வீச்சு இயந்திரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

போன தை மாதம் அந்தச் சுவரின் அடித்தளத்தில், குமுதப் படையிலிருந்த சோழர் காலக் கல்வெட்டை மைப்படி எடுக்க உட்கார்ந்தேன். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளங்களில் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்டி, மை ஒற்ற வேண்டும். மூன்று வரி முடிவதற்குள் இருட்டிவிட்டது. நொந்தா விளக்குக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்குக்கு, விட்ட 'சாவா மூவாப் பேராடு தொண்ணூறு' (எண்ணிக்கை என்றும் குறையாத ஆடுகள்) என்பதோடு என் தாள் நிற்கிறது. அந்த ஆடுகளை ஏற்று, நாள்தோறும் நெய் அளக்க ஒப்புக்கொண்ட இடையரின் பெயர் அடுத்த வரியில் இருந்திருக்கும். சென்ற வாரம் போய்ப் பார்த்தேன். கல் வழவழவென்று இருக்கிறது.

"ஒரு கல்வெட்டில் என்ன இருந்துவிடப் போகிறது?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் மெய்க்கீர்த்தி அரசனின் புகழ்ச்சி. அதை அப்படியே நம்ப முடியாது. ஆட்டுக் கணக்குக்கு யாரையும் புகழும் தேவையில்லை. இப்படிப்பட்ட சிறு கணக்குகளைப் பல ஊர்களிலிருந்து சேர்த்து வைத்துத்தான் அக்கால வாழ்க்கையை எழுத முடிகிறது. கைபேசியில் படம் எடுத்துவிட்டோம் என்கிறீர்கள். நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் தேய்ந்த எழுத்து விழாது.

திருக்கோடிக்காவலில் சோழ அரசி செம்பியன் மாதேவி கோயிலைக் கற்றளியாக, அதாவது கற்கோயிலாக, ஆக்கியபோது பழைய சாசனங்களைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டுவித்தார். 'இதுவும் ஒரு பழங்கற்படி', அதாவது பழைய கல்லின் படி, என்ற குறிப்பு அங்கே இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஓர் அரசிக்குத் தோன்றியது நமக்குத் தோன்றவில்லை. நம் உபயதாரர் பலகையோ கிரானைட்டில் ஆழமாக வெட்டப்பட்டிருக்கிறது. நாளை வருபவர் அதை மட்டும் படித்து, இந்தக் கோயிலே நாம் கட்டியதுதான் என்று எழுதிவிடுவார். வாழ்த்துகள்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: மைப்படி எடுக்காமல் எந்தச் சுவரிலும் இயந்திரத்தை வைக்காதீர்கள். 'பன்மாகேஸ்வர ரக்ஷை', அதாவது சிவனடியார்களின் காவல், என்று அந்தக் கற்களை ஒப்படைத்தது அடியார்களாகிய உங்களிடம்தான். வடக்குச் சுவர் இன்னும் தப்பியிருக்கிறது. மைப்படி எடுக்க இரண்டு நாள் கொடுங்கள். தாளும் மையும் என் செலவு. இருட்டினால் வேலை நிற்காதிருக்க ஒரு விளக்கு மட்டும் போட்டுத்தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்