அடிதடி படம் எடுக்க வர்ற புது டைரக்டர் தம்பிகளுக்கு, உங்க முதல் ரீலைப் பத்தி

தம்பிகளா, வணக்கம். தென்மாவட்டத்துல ஒரு சின்ன ஊர் தியேட்டர்ல 1990லேர்ந்து 18 வருஷம் ஆபரேட்டரா இருந்தவன் எழுதுறேன். அப்போ எல்லாம் ஃபிலிம் தான். ஆயிரம் அடி ரீல் ஒண்ணு ஓடி முடிய கிட்டத்தட்ட 11 நிமிஷம் ஆகும், அந்த முதல் ரீலை தினமும் நாலு ஷோ கேபின் ஓட்டை வழியா பார்ப்பேன், ரெண்டாவது நாள்லேர்ந்து திரையைப் பார்க்கறதை விட்டுட்டு கீழ இருக்கற தலைகளைத் தான் பார்ப்பேன். நாம என்ன மாதிரி படத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கோம்னு ஜனங்க முடிவு பண்றது அந்த 11 நிமிஷத்துல தான், போஸ்டரைப் பார்த்து இல்ல.

அடிதடி படத்துக்கு முதல் நாள் வர்ற கூட்டம் முக்காவாசி பசங்க தான். அவங்களுக்கு சிக்னல் கொடுக்கறது ரொம்ப ஈஸி. முதல்ல ஷூ, அப்புறம் கையில காப்பு, அப்புறம் முதுகு, ஒரு ஜீப்பு, கொஞ்சம் தூசி, கடைசியா முகம். 1992ல அண்ணாமலைக்கு சூப்பர் ஸ்டார்னு புள்ளி புள்ளியா எழுத்து விழுந்து தேவா மியூசிக்கோட டைட்டில் கார்டு போட்டாங்க பாருங்க, பேர் போடறதே ஒரு சீன் ஆகிப்போச்சு, கேபின்ல மெஷின் சத்தத்தையும் மீறி விசில் கேட்டுச்சு. அதை நான் குறை சொல்லவே மாட்டேன், அந்த சந்தோஷம் வேற எதுலயும் கிடைக்காது. ஆனா அந்த கார்டு யார் வர்றார்னு தான் சொல்லும். இந்தக் கதையில அடி விழுந்தா வலிக்குமா, போலீஸை நம்பலாமா, ஒரு உசுருக்கு என்ன மதிப்பு, இதெல்லாம் நீங்க தான் சொல்லணும், நீங்க சொல்லாம விட்டா ஸ்டார் மட்டும் தான் மிஞ்சுவார், படம் இருக்காது.

தளபதி வந்தது 1991 தீபாவளிக்கு. வந்தவன் பூரா தலைவரைப் பார்க்க வந்தவன், திரையில ஓடுதோ கருப்பு வெள்ளை, போகி அன்னிக்கு ஒரு சின்னப் பொண்ணு தனியா புள்ள பெத்து அதை கூட்ஸ் வண்டியில போட்டுட்டு தவிக்கிறா. கீழ ஒருத்தன் தலைவர் எங்கடான்னு கத்துனான், ரெண்டு வரிசை பின்னாடி இருந்த ஒரு பெரியவர் சும்மா இருடான்னு அதட்டுனார், அதுக்கப்புறம் சத்தமே இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு மழையில ரஜினி ஒருத்தனைப் போட்டு அடிக்கிறப்போ விசில் பறக்குது, ஆனா அது வேற மாதிரி விசில், ஏன்னா அடிக்கிறது யாருன்னு நமக்குத் தெரியும், அந்தக் கோவம் எந்த வண்டியில ஏறி வந்துச்சுன்னும் தெரியும். அப்புறம் படத்துல ரயில் சத்தம் கேட்டு, புள்ளையை விட்ட அந்த அம்மா நிமிர்ந்து பார்க்கறப்போ ஒரு வார்த்தை வசனம் தேவைப்படல. இது சண்டைப் படம் தான், ஆனா உள்ள இருக்கறது தாய் தேடுற கதைன்னு முதல்லயே கையில கொடுத்துட்டார் மணிரத்னம்.

அதுக்கு முன்னாடி 1987ல நாயகன்லயும் அப்படித்தான், கமல் வர்றதுக்கு முன்னாடியே எல்லாம் முடிவாயிடும். யூனியன் தலைவரான அப்பாவைப் பிடிக்கறதுக்காக போலீஸ்காரங்க பையனை வெளிய விட்டு அவன் பின்னாடியே போய் அப்பாவை சுட்டுடறாங்க, அந்தப் பையன் கத்தியைத் தூக்கறான். சட்டம் நம்ம பக்கம் இல்லைன்னு அந்த ஒரு சீன் சொல்லிடுது. கைதி 2019, அதுல ஆசிரமத்துல இருக்கற ஒரு பாப்பாகிட்ட நாளைக்கு உன்னைப் பார்க்க ஒருத்தர் வர்றார்னு சொல்றாங்க, அவ்ளோ தான், அங்கேயே கடிகாரம் ஓட ஆரம்பிச்சிடுச்சு. விடியறதுக்குள்ள அந்த ஆள் போய்ச் சேரணுமேன்னு நமக்கு பதறுது. அதுல பாட்டும் இல்ல ஹீரோயினும் இல்ல, பசங்க கொண்டாடலையா என்ன.

இப்போ நான் எதுக்கு எழுத உட்கார்ந்தேன்னு சொல்லிடறேன். போன மாசம் காலேஜ் படிக்கிற என் பொண்ணைக் கூட்டிட்டு ஒரு படத்துக்குப் போனேன், பேர் வேண்டாம். ஆரம்பத்துல ஹார்பர், கண்டெய்னர், போதைப் பொருள், ஒரு வாய்ஸ் ஓவர், உடனே ஒரு பொண்ணை நாலு பேர் துரத்திப் பிடிச்சு நாசம் பண்ற சீன், கேமரா நகராம அங்கேயே நிக்குது. அந்தப் பொண்ணுக்கு பேர் கூட வைக்கல. அடுத்த சீன்ல ஹீரோ ஷூ. என் பொண்ணு தலையைக் குனிஞ்சு போனை எடுத்துட்டா, இண்டர்வெல் வரைக்கும் நிமிரவே இல்ல, நான் பாப்கார்னை நீட்டுனேன், வேண்டாம்ப்பான்னா. எனக்கு அந்த சீட்டுல உட்காரவே கூசிச்சு.

அந்த சீன் எதுக்குன்னு எனக்குப் புரியுது. இது பழிவாங்குற படம்னு சீக்கிரமா சொல்லணும், பசங்களுக்கு ரத்தம் கொதிக்கணும், அதுக்கு கைக்கு எட்டுற குறுக்கு வழி ஒரு பொண்ணோட உடம்பு. ஆனா தம்பி, மேல சொன்ன மூணு படத்துலயும் பசங்களுக்குக் கொதிச்சுதே, எதுலயாவது இப்படித் தொடங்குனாங்களா? கூட்ஸ் வண்டியில ஒரு குழந்தை, அப்பாவைப் பறிகொடுத்த ஒரு பையன், யார் வருவாங்கன்னே தெரியாம காத்திருக்கற ஒரு பாப்பா. முன்பெஞ்சு பையனுக்கும் அம்மா அப்பா இருக்காங்க, அவனுக்கு இது புரியாதுன்னு யார் உங்களுக்குச் சொன்னது? 18 வருஷம் அவன் பின்னந்தலையைப் பார்த்தவன் சொல்றேன், அவன் அழுவான்.

அடுத்த ஸ்கிரிப்ட் எழுதறப்போ முதல் சீன்லேர்ந்து ஸ்டார் பேரை அடிச்சிட்டு ஒரு தடவை படிச்சுப் பாருங்க, என்ன படம்னு அப்பவும் தெரியுதான்னு. அந்தப் பேர் இல்லாத பொண்ணு உங்க ஸ்கிரிப்ட்லயும் இருந்தா அவளை அங்கேர்ந்து எடுத்துடுங்க, இல்லைன்னா ஒரு பேர் வைங்க, வீடு கொடுங்க, ரெண்டு வார்த்தை பேச விடுங்க. அப்புறம் சொல்லி அனுப்புங்க, என் பொண்ணைக் கூட்டிட்டு முதல் ஷோவுக்கு வர்றேன்.