சுவரை ஒட்டி அடிக்காதே

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றியிருக்கிறது. கிணற்றடிப் பலா இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. மற்ற விசேஷமெல்லாம் பிறகு.

நீ வீடியோவில் காட்டிய மரத்தரையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பலகையின் நாக்கும் அடுத்த பலகையின் காடியும் மயிரிழை தெரியாமல் கவ்வியிருந்தது. வரிசைக்கு வரிசை பலகை மூட்டுகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தாய். கம்ப்யூட்டர் தட்டுகிற கைக்கு இது எப்படி வந்தது என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். ஆனால் போனை ஜன்னல் பக்கம் திருப்பினாயே, அங்கே பலகை சுவரில் முட்டிக்கொண்டு கிடந்தது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு உறக்கம் இல்லை.

மக்களே, சுவருக்கும் பலகைக்கும் இடையில் முக்கால் அங்குலம் விடு. நாலு பக்கமும் விடு. மேலே ஓரச்சட்டம் வந்து மூடிவிடும், யார் கண்ணுக்கும் தெரியாது. டொராண்டோவில் இப்போது ஹீட்டர் ஓடுகிறது, வீட்டுக் காற்றில் ஈரமே இல்லை, ஓக் மரம் சுருங்கிக் கிடக்கிறது. ஜூலையில் புழுக்கம் வந்தால் விரியும். நீளத்தில் மரம் அவ்வளவாக அசையாது, அகலத்தில்தான் அதன் வேலை எல்லாம். போக இடமில்லாவிட்டால் நடு ஹாலில் முதுகைத் தூக்கும். அடித்தது கெட்டுப் போகவில்லை, சின்ன ரம்பத்தால் சுவரோரம் அறுத்துவிடலாம். ஆனால் செய்துவிடு.

பலகைப் பெட்டி வெள்ளிக்கிழமை வந்தது என்றாய். ஞாயிற்றுக்கிழமை பாதி ஹால் முடிந்திருந்தது. கராஜில் குளிரில் கிடந்த மரத்தை அப்படியே எடுத்து அடிக்கலாமா? பெட்டியைப் பிரித்து அந்த அறையிலேயே சில நாள் போட்டு வை, வீட்டுக் காற்றுக்கு மரம் பழகட்டும். ஈரம் பார்க்கிற கருவியை அடியில் இருக்கிற பிளைவுட்டிலும் வை, பலகையிலும் வை. உன் பலகை ஐந்து அங்குல அகலம். இரண்டு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் காட்டினால் ஆணியைத் தொடாதே.

அப்படி என்ன அவசரம்? இங்கே திங்கள் காலை ஒன்பதரை என்றால் உனக்கு ஞாயிறு ராத்திரி பதினொன்று. குட்டி உறங்குகிற வீட்டில் அந்நேரம் யாராவது ஆணி அடிப்பார்களா? அம்மா கேட்டதற்கு, "மேலே உறங்குகா" என்றாய். போன வாரமும் அதையே சொன்னாய், அதற்கு முந்தின வாரமும். மருமகள் வேலைக்குப் போயிருக்கிறாள் என்றாய். வாசல் பக்கம் குட்டியின் சிவப்பு பூட்ஸ் இருக்கிற இடம் காலியாக இருந்தது. தரை போடுவதற்காக எடுத்து வைத்திருப்பாய்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. சுவரோரத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன். முக்கால் அங்குலம்.

உனக்குச் சின்னதிலிருந்தே யாரையும் கை உதவிக்குக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. அதற்கு உன்னை நான் கோபித்திருக்கிறேன். யாரைப் பார்த்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

தக்கலையில் ஒரு வீட்டு மேல்தளத்துக்குப் பலகை அடித்தேனே, அந்த மச்சு வேலை ஞாபகம் இருக்கிறதா? உனக்கு ஏழு வயது. பாட்டிக்கு சுகமில்லை, அம்மா மார்த்தாண்டம் போயிருக்கிறாள் என்று சொன்னேன். பாட்டிக்கு ஒன்றும் இல்லை. நான் சொன்ன ஒரு சொல் பொறுக்காமல் போனாள். நாலு மாதம். பஸ்ஸில் அரை மணி நேரம்தான், நான் போகவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் வேலை கிடக்கிறது என்றேன். ராத்திரி பெட்ரோமாக்ஸை ஏற்றி வைத்து அயனிப் பலகை இழைத்தேன், ஈரம் காயுமுன் அடித்தேன். சித்திரை வெயிலில் பலகைக்குப் பலகை விரல் நுழைகிற அளவு பிளந்தது. வீட்டுக்காரர் கூலியைப் பிடித்தார், அது நியாயம்தான். அம்மாவை மாமாதான் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் உள்ளே வந்தபோதும் நான் இழைப்புளியைக் கீழே வைக்கவில்லை. போய்க் கூப்பிட்டிருக்க வேண்டியவன் நான். இன்றுவரை அவளிடம் இதைச் சொன்னதில்லை. உன்னிடமும் அந்தப் பொய்யை அப்படியே விட்டு வைத்திருந்தேன்.

அன்றைக்கு உன் சுத்தியல் சத்தம் போனில் கேட்டபோது அந்த மச்சுதான் ஞாபகம் வந்தது.

இதை எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் செவ்வாய்க்கிழமை கிளம்புகிறான், அவன் கையில் என் மரச் சுத்தியலையும், அந்தக் கொட்டாப்புளியைத்தான், கொடுத்துவிடுகிறேன். புளிய வைரம். பலகையில் நேராக அடிக்காதே, நாக்கு நசுங்கும். துண்டுக் கட்டை ஒன்று வைத்து அடி.

கடைசி வரிசையை மட்டும் இப்போது போடாதே. அங்கே ஆணி மெஷின் நுழையாது. சுவர் நேராக இருக்காது, மூன்று இடத்தில் அளந்து பலகையை நீளவாக்கில் கிழிக்க வேண்டும். கொக்கிப் பட்டை போட்டு இழுக்கும்போது மறுமுனையை ஒருவர் அமர்த்திப் பிடித்தால்தான் காடி சேரும். மருமகள் பிடிப்பாளா என்று எழுது. இல்லையென்றால் சொல், நான் வருகிறேன்.

அப்பா