சீகன்பால்கு: ஆட்டுத்தோலில் பிறந்த பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தரங்கம்பாடி பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையில், அங்கே பணியாற்றிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவின் குடும்பப் பெயரைக் குறித்து இரண்டு வரிகள் இருந்தன. அது ஜெர்மானியப் பிரபுக் குலம் ஒன்றின் பெயர் என்றது முதல் வரி. இன்று உலகில் அந்தப் பெயர் உள்ளவர்கள் இத்தனை பேர் என்று ஓர் எண்ணைத் தந்தது இரண்டாவது வரி. முதலாவது தவறு. இரண்டாவது சரியா தவறா என்று பார்க்கவே வழியில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது.

பெயரைப் பிரித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். 'ட்ஸீகெ' என்றால் வெள்ளாடு. 'பல்க்' என்றால் தோல். ஆனால் எல்லாத் தோலும் பல்க் ஆகாது. வயிற்றில் கீறி, விரித்து எடுக்கும் மாட்டுத்தோலுக்கு ஜெர்மனில் 'ஹவுட்' என்று பெயர். பின்னங்கால்களில் மட்டும் அறுத்து, காலுறையைக் கழற்றுவது போலத் தலைப்பக்கமாக முழுசாய் உருவும் தோல்தான் பல்க். நரி, முயல் தோலை வேட்டைக்காரர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். மான் தோலுக்கு வேறு சொல், காட்டுப்பன்றித் தோலுக்கு வேறு சொல். முழுசாய் உருவிய தோலில் கால், கழுத்துத் துளைகளைக் கட்டிவிட்டால் அது ஒரு பை. தண்ணீர் நிரப்பலாம், மது நிரப்பலாம். ஒரு துளையில் குழலைச் செருகினால் கொல்லன் உலைக்குத் துருத்தி. ஜெர்மனில் துருத்தியின் பெயரே 'பிளாஸபல்க்', அதாவது ஊதும் பல்க். ஆங்கிலத்தில் துருத்தியையும் வயிற்றையும் குறிக்கும் சொற்களும் இதே வேரில் வந்தவைதான்.

ஆக, சீகன்பால்கு என்றால் ஆட்டுத்தோல். ஆட்டுத்தோலை உரித்தோ, பதனிட்டோ, வாங்கி விற்றோ பிழைத்த யாரோ ஒருவருக்கு ஊர் வைத்த பட்டப்பெயர். தோல் பதனிடுபவரை நேரடியாகச் சொல்லும் 'கெர்பர்' என்ற குடும்பப் பெயர் ஜெர்மனில் தனியாக உண்டு. இது அந்த வகையல்ல. தொழிலைச் சொல்லாமல் தொழில் செய்பவர் கையில் இருக்கும் பொருளைச் சொல்லிக் கூப்பிடுவது. கொல்லனை 'நாகெல்' (ஆணி) என்றும், ரொட்டி சுடுபவரை 'செம்மெல்' (சிறு ரொட்டி) என்றும், கசாப்புக் கடைக்காரரை 'ரிண்ட்ஃபிளைஷ்' (மாட்டிறைச்சி) என்றும் அழைத்த அதே பழக்கம். நம் ஊர்களில் பட்டப்பெயர் வைப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்னொரு விளக்கமும் சொல்லப்படுவதுண்டு. இன்றைய பேச்சு ஜெர்மனில் பல்க் என்றால் அடங்காத பிள்ளை, வாண்டு. அதை வைத்து 'ஆட்டுக்குட்டி போலத் துள்ளும் பயல்' என்று பொருள் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிள்ளையைத் திட்டும் அந்தப் பொருள் பரவலானது பிற்காலத்தில். குடும்பப் பெயர்கள் உருவான காலத்தில் முதன்மையாக இருந்தது தோல் என்ற பொருள்தான். தோல் விளக்கமே வலுவானது.

பிரபுக் குலம் என்ற தவறு எப்படி வந்திருக்கும் என்பதை ஊகிக்க முடிகிறது. நீளமான, வாயில் நுழையாத ஜெர்மன் பெயர் என்றாலே நமக்கு அரண்மனை நினைவு வருகிறது. பிரபுக் குடும்பங்களின் பெயரில் பெரும்பாலும் 'ஃபான்' என்ற சொல் முன்னால் நிற்கும். அதற்குப் பின் வருவது பெரும்பாலும் ஓர் ஊரோ கோட்டையோ. இங்கே அந்தச் சொல்லும் இல்லை, ஊரும் இல்லை. 1682இல் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்த பார்த்தலோமியு சீகன்பால்குவின் தந்தை தானிய வியாபாரி.

அந்தச் சிற்றூர் இருக்கும் இடத்துக்கும் பெயருக்கும் தொடர்பு உண்டு. புல்ஸ்னிட்ஸ் டிரெஸ்டனுக்கு வடகிழக்கே, சாக்சனியின் மேல் லவுசிட்ஸ் பகுதியில் இருக்கிறது. வெள்ளாட்டுக்கு ஜெர்மன் பேசும் நிலம் முழுவதும் ஒரே சொல் இருந்ததில்லை. பவேரியா, சுவாபியா, சுவிட்சர்லாந்து என்று தெற்கே போனால் அது 'கைஸ்'. 'ட்ஸீகெ' நடு ஜெர்மனிக்கும் அதன் கிழக்குப் பகுதிக்கும் உரிய சொல். லூத்தர் தம் விவிலிய மொழிபெயர்ப்பில் கையாண்டதால் பொதுமொழிச் சொல்லாக நிலைத்தது. இதே தொழில் செய்த ஒருவர் மியூனிக் பக்கம் இருந்திருந்தால் அவர் பெயர் 'கைஸ்பல்க்' என்பது போல ஏதாவது ஆகியிருக்கும். ஒரு பெயர் எங்கே பிறந்தது என்பதற்கு எந்தக் குலமரபுக் கதையையும்விட இத்தகைய வட்டாரச் சொல்தான் நம்பகமான சாட்சி. இன்றைக்கும் சீகன்பால்கு என்ற பெயர் அடர்த்தியாக இருப்பது சாக்சனியில்தான்.

ஜெர்மன் நகரங்களில் குடும்பப் பெயர்கள் 12ஆம் நூற்றாண்டு முதல் மேற்கிலும் தெற்கிலும் தொடங்கி மெல்லக் கிழக்கே பரவின. தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியர் பெயர்களை வரிசையாக வைத்தாலே அவற்றின் வகைகள் ஏறக்குறைய எல்லாம் வந்துவிடும். வால்த்தர் என்பது ஒரு மூதாதையின் சொந்தப் பெயர். கிரண்ட்லர், பள்ளத்தாக்கில் குடியிருந்தவர். சுல்ட்சே, நம் மணியக்காரர் போல ஊரில் வரி தண்டியவர். சுவார்ட்ஸ், கறுப்பு முடியோ கறுத்த நிறமோ உள்ளவர். பப்ரிசியஸ், கொல்லனைக் குறிக்கும் பெயரின் லத்தீன் வேடம். படித்த குடும்பங்கள் 16ஆம் நூற்றாண்டில் பெயரை இப்படி லத்தீனாக்கிக் கொண்டன. தோல் வேலைக்கு சீகன்பால்கு.

எழுத்துக்கூட்டலுக்கு வருவோம். 'ட்ஸீகன்பல்க்' என்பதுதான் ஜெர்மன் உச்சரிப்புக்கு நெருக்கம். 'பல்' குறில், 'பால்' அல்ல. எனவே இதில் பாலைத் தேட வேண்டாம். 'ஜீகன்பால்க்' என்று எழுதுவது இசட் எழுத்தை ஆங்கில வழியில் படித்ததால் வந்தது. ஆனாலும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தலைமுறைகளாகச் சொல்லிவரும் 'சீகன்பால்கு'வை மாற்ற வேண்டும் என்பது எங்கள் கருத்தல்ல. ஒரே கட்டுரையில் மூன்று வடிவங்கள் வராமல் இருந்தால் போதும். தங்கள் கட்டுரையில் மூன்று வந்தன.

இனி, தங்கள் கட்டுரையின் இரண்டாவது வரிக்கு வருவோம்: ஒரு பெயர் எவ்வளவு அபூர்வம் என்பதை எப்படி அளப்பது. ஜெர்மனியில் குடும்பப் பெயர் ஆய்வாளர்கள் நம்பியிருப்பது தொலைபேசி இணைப்புப் பட்டியல். 2005ஆம் ஆண்டுப் பட்டியலைக் கொண்டுதான் குடும்பப் பெயர்களின் பெரிய நிலப்பட வரிசை தயாரானது; மைன்ஸ் நகரின் அறிவியல் இலக்கியக் கழகம் 2012 முதல் நடத்திவரும் மின்னகராதிக்கும் அதே தரவுதான் அடிப்படை. அந்தப் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் மியூல்லர் சுமார் 2 லட்சத்து 56 ஆயிரம் இணைப்புகள். ஓர் இணைப்புக்குப் பின்னால் ஏறக்குறைய மூன்று பேர் என்று கொண்டால் 7 லட்சம் பேருக்கு மேல். மியூல்லருக்கு இந்தப் பெருக்கல் பொருந்தும். நூற்றுக்கும் குறைவான இணைப்புகள் உள்ள ஒரு பெயருக்குப் பொருந்தாது. ஒரே வீட்டில் ஆறு பேர் இருக்கலாம், தனியாக ஒரு மூதாட்டி இருக்கலாம். ஒரே ஆளுக்கு வீட்டுக்கும் கடைக்கும் இரண்டு பதிவுகள் வரலாம். பட்டியலில் எண்ணை வெளியிட மறுத்தவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். சிறிய எண்ணில் இவை ஒன்றையொன்று ஈடுகட்டுவதில்லை. சில வலைத்தளங்கள் இந்தப் பெருக்கலைத்தான் செய்து கடைசி இலக்கம் வரை எண் தருகின்றன.

பட்டியலின் ஆண்டு அதைவிட முக்கியம். 1990க்கு முந்தைய பட்டியலை எடுத்தால் சாக்சனிப் பெயர்கள் காணாமலே போகும். கிழக்கு ஜெர்மனியில் அப்போது பெரும்பாலான வீடுகளில் தொலைபேசி இல்லை. 2005க்குப் பிந்தையதை எடுத்தால் கைபேசி வந்து, கம்பி இணைப்பைத் துண்டித்த இளையவர்கள் விடுபடுவார்கள். 1990களின் பிற்பகுதி முதல் 2005 வரை உள்ள பட்டியல்தான் ஓரளவு நேர்மையானது. அதிலும் ஒரு கலப்பு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிழக்கு நிலங்களிலிருந்து 1 கோடியே 20 லட்சம் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டார்கள். பிறகு 1961இல் பெர்லின் சுவர் எழும்பும்வரை 25 லட்சத்துக்கு மேல் மக்கள் கிழக்கு ஜெர்மனியை விட்டு மேற்கே போனார்கள். ஹாம்பர்கிலோ ரூர் பகுதியிலோ ஒரு சாக்சனிப் பெயர் இருந்தால் அது பெரும்பாலும் அப்படிப் போனது. பிறந்த இடத்துக்குச் சான்று ஆகாது. இடப்பெயர்ச்சிக்கு முந்தைய படம் வேண்டுமானால் முதல் உலகப் போரின் இழப்புப் பட்டியல்களைப் பார்க்க வேண்டும். ஜெர்மானிய மரபியல் ஆர்வலர் சங்கம் ஒன்றின் தன்னார்வலர்கள் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். பல பதிவுகளில் பெயரோடு சொந்த ஊரும் இருக்கிறது.

பெயர் ஏன் அபூர்வமாயிற்று என்பதற்குச் சாபமோ கொள்ளைநோயோ தேவையில்லை, கணக்கே போதும். ஒவ்வோர் ஆணுக்கும் சராசரியாக ஒரு மகன், எண்ணிக்கை தற்செயலாகக் கூடிக் குறையும் என்று வையுங்கள். 100 ஆண்கள் 100 தனிப் பெயர்களோடு தொடங்கினால் ஐந்தாவது தலைமுறையில் ஏறக்குறைய 73 பெயர்கள் அழிந்திருக்கும், பத்தாவதில் 84. சீகன்பால்கு இறந்த 1719இலிருந்து இன்றுவரை ஏறக்குறைய பத்துத் தலைமுறைதான். மக்கள்தொகை வளர்ந்தால் அழிவு வேகம் குறையும், அவ்வளவே. பல ஊர்களில் தனித்தனியாகப் பிறந்த மியூல்லர் தப்பிவிடும். ஓரிரண்டு ஊரில் மட்டும் பிறந்த பட்டப்பெயர் நூலிழையில் தொங்கும். இன்று இப்பெயர் கொண்ட எல்லாரும் தரங்கம்பாடிக்காரரின் வாரிசுகள் என்று எழுதுவதும் இதனாலேயே தவறு. அவருக்கு முன்பே அந்தப் பெயர் அங்கே இருந்தது.

பழைய பதிவேடுகளில் தேட விரும்பும் வாசகர்களுக்குச் சில குறிப்புகள். சாக்சனியில் அரசுப் பதிவு தொடங்கியது 1876 ஜனவரி 1. பிறப்புப் பதிவு 110 ஆண்டு, திருமணம் 80, இறப்பு 30 ஆண்டு கழிந்த பிறகே ஆவணக் காப்பகத்துக்குப் போய் எல்லாருக்கும் திறக்கும். அதற்கு முந்தையவை எல்லாம் சபைப் பதிவேடுகள். அவற்றில் எழுத்துக்கூட்டல் போதகரின் காதைப் பொறுத்தது. நடு ஜெர்மானியப் பேச்சில் கடைசி 'க்' உரசி 'ஹ்' போல ஒலிக்கும் என்பதால் இறுதியில் சிஎச் போட்ட வடிவம் வரலாம். சிகே, ஜிஎச் போட்டும் வரலாம். ஒலி ஒப்பீட்டுக்கு, எழுத்துகளை அவற்றின் ஒலிக்கேற்ப எண்களாக மாற்றும் கொலோன் முறை இருக்கிறது; ஜெர்மனுக்கென்றே 1969இல் வகுக்கப்பட்டது. அதில் இந்தப் பெயரின் குறியீடு 846154. சிகே, சிஎச் வடிவங்களுக்கும் அதே எண் வரும், தேடல் பிடித்துவிடும். காதின் பிழைக்கு அது மருந்து, கண்ணின் பிழைக்கு அல்ல. பழைய ஜெர்மன் கையெழுத்தில் 'இ' (e) எழுத்து 'என்' (n) போலவே இருக்கும். தட்டச்சு செய்தவர் முதல் 'இ'யை 'என்' என்று படித்திருந்தால் குறியீடு 8646154 ஆகிவிடும், பதிவு கிடைக்காது. அப்போது 'பல்க்' என்ற பின்பாதியை மட்டும் போட்டு, முன்பாதியை நட்சத்திரக் குறியால் விட்டுத் தேட வேண்டும்.

பெண்களைத் தேடுவோர் இன்னொன்றில் சறுக்குவார்கள். அந்தக் காலத்தில் பெண்ணின் குடும்பப் பெயரோடு 'இன்' விகுதி சேரும். சீகன்பால்குவின் மனைவி மரியா டோரொத்தேயா சால்ட்ஸ்மனைப் பழைய தாள்களில் 'சால்ட்ஸ்மனின்' என்று பார்த்தால் அது வேற்றுமை உருபு அல்ல, வேறு குடும்பமும் அல்ல. சீகன்பால்கு வீட்டுப் பெண்களுக்கும் அதே விகுதி. குறியீட்டின் கடைசியில் ஒரு 6 கூடிவிடும்.

பெயர் குறைவதில் சட்டத்துக்கும் பங்கு இருந்தது. 1976 வரை மணமான பெண் கணவர் பெயரையே குடும்பப் பெயராகக் கொள்ள வேண்டியிருந்தது. பிறகு மனைவி பெயரைத் தேர்ந்தெடுக்கவும், 1994 முதல் அவரவர் பெயரையே வைத்துக்கொள்ளவும் வழி வந்தது. 2025 மே 1 முதல் இருவர் பெயரையும் இணைத்துக் குழந்தைக்கும் சூட்டலாம். மகள் மட்டும் உள்ள வீட்டில் பெயர் முடிந்துபோகும் என்ற பழைய கணக்கு இனி அப்படியே செல்லாது. லவுசிட்ஸில் வாழும் ஸ்லாவிய சிறுபான்மையினரான சோர்பியர்களின் பெண்பால் விகுதிகளையும் அதே சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

தங்கள் இணையப் பதிப்பைத் திருத்தும்போது 'பிரபுக் குலம்' என்பதை நீக்கி 'ஆட்டுத்தோல் தொழிலில் வந்த பட்டப்பெயர்' என்று போடுங்கள். எண்ணைப் பக்கத்தில் ஆண்டும் பட்டியலின் பெயரும் இல்லாமல் வெளியிட வேண்டாம். எந்தச் சிற்றூரில் எத்தனை வீடு என்று கட்டுரையோடு தந்திருக்கும் அட்டவணையையும் எடுத்துவிடுங்கள். இத்தனை அபூர்வமான பெயரில் ஊரைச் சொன்னால் வீட்டையே சொன்னதாகிவிடும்.

இப்படிக்கு,
தரங்கம்பாடி வாசகர்கள் இருவர்