எறிந்துவிட்ட சோதனைத் தகடுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தடய அறிவியல் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்ததும் ஆஸ்திரேலியாவின் லிண்டி சேம்பர்லெயின்தான் நினைவுக்கு வந்தார். 1980 ஆகஸ்ட் 17 இரவு, உலுரு பாறை அருகே கூடாரத்தில் தூங்கிய தன் ஒன்பது வாரக் குழந்தையை டிங்கோ என்ற காட்டுநாய் தூக்கிப் போய்விட்டது என்று கதறிய தாய். முதல் விசாரணையில் நம்பினார்கள். அப்புறம் அவர்களுடைய காருக்குள் குழந்தையின் ரத்தம் தெளித்திருப்பதாக ஆய்வக அறிக்கை வந்தது. தாயே குழந்தையைக் கொன்றதாக 1982இல் ஆயுள் தண்டனை. அப்போது அவர் நிறைமாதக் கர்ப்பிணி.

அந்தத் தெளிப்பு, இரைச்சலைக் குறைக்கத் தொழிற்சாலையில் அடித்த பூச்சு என்று பிறகு தெரிந்தது! அந்த ரத்தச் சோதனையைச் செய்த தகடுகளையோ எதிர்த்தரப்பு பார்ப்பதற்குள் எறிந்துவிட்டார்கள். எனக்கு ஆறாத கோபம் இதில்தான். எதைக் காட்டி அவர் மறுப்பார்?

மேல்முறையீடு இரண்டு முறை தோற்றது. 1984இல் உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் அவருக்கு எதிராக, இருவர் ஆதரவாக. 1986இல் பாறையடியில் வேறொருவரைத் தேடியவர்கள் கண்ணில் ஒரு சின்னஞ்சிறு மேல்சட்டை பட்டது. குழந்தை போட்டிருந்ததாக அவர் முதலிலிருந்தே சொன்ன, அரசுத் தரப்பு நம்பாத அதே சட்டை. சில நாளில் விடுதலை. தீர்ப்பு ரத்தானது 1988இல்; குழந்தையின் சாவுக்கு டிங்கோவே காரணம் என்று பதிவானது 2012இல்.

மேல்முறையீடு முடியும்வரை ரத்த மாதிரி, தகடு, குறிப்பேடு எதையும் அழிக்கக் கூடாது. எதிர்த்தரப்பு நிபுணர் கையிலும் அவற்றைக் கொடுக்க வேண்டும். இதைச் சட்டத்திலேயே எழுதுங்கள் என்று உங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்