நாகர்கோவில் பயிற்சிக் கூடத்து அக்காவுக்கு

பேச்சிப்பாறை அணையில் திறந்துவிட்ட தண்ணீரை நாள்வாரியாகக் கூட்டிக்கொண்டிருந்தேன். விண்டோஸ் கணினியில் நம்பை (NumPy, பைதான் மொழியில் எண் கணக்குகளுக்கான நிரல்தொகுப்பு) தந்த மொத்தம் மைனஸில் வந்தது, ஒரு எச்சரிக்கைகூட இல்லை. மறுநாள் அறிக்கை கொடுக்க வேண்டும். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பக்கத்து மேசையில் இருந்த நீங்கள், கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். என் நீளமான நிரலை வெட்டி வெட்டி மூன்றே வரியாக்கினீர்கள். விநாடிக்கு 500 கன அடி என்றால் ஒரு நாளைக்கு 4,32,00,000. ஐம்பதாவது நாளில் மொத்தம் 2,14,74,83,647-ஐத் தாண்டிவிடும், விண்டோஸில் நம்பை இயல்பாக எடுத்துக்கொண்ட 32 பிட் முழு எண்ணில் அதற்கு மேல் இடமில்லை என்று தாளில் போட்டுக் காட்டினீர்கள். அதே மூன்று வரி உங்கள் லினக்ஸ் மடிக்கணினியில் சரியான விடை தந்தது. “இன்ட்64-னு, அதாவது 64 பிட் முழு எண்ணுன்னு குடுங்க, இப்போதைக்கு ஓடும்” என்றீர்கள்.

அதோடு விடவில்லை. பதிப்பு எண், எதிர்பார்த்த விடை, வந்த விடை எல்லாம் சேர்த்து, பிழை அறிக்கையையும் கூடவே இருந்து எழுத வைத்தீர்கள். சரிசெய்பவர்களுக்கு அந்த மூன்று வரிதான் உயிர்.

2024-ல் வந்த நம்பை 2.0-ல், 64 பிட் விண்டோஸிலும் 64 பிட் முழு எண்ணே இயல்பாகிவிட்டது. படித்ததும் உங்கள் ஞாபகம்தான் வந்தது, அக்கா. பெயர்கூடச் சொல்லாமல் தக்கலை பஸ்ஸுக்கு ஓடிவிட்டீர்கள். ரொம்ப நன்றி. அந்தப் பக்கம் யாருக்காவது இவரைத் தெரிந்தால், இதைக் காட்டுங்கள்.